சந்தனமாரி தூக்கி வைத்தவை

“நம்ம ஊர்ல எவனும் இன்னைக்கு வரைக்கும் ஒரு மூட்டைய இறக்கி வச்சது கிடையாது, பாத்துக்க” என்று இசக்கிமுத்துவின் டீக்கடையில் ஒரு லோடுமேன் இன்னொரு லோடுமேனிடம் சொன்னது, பக்கத்து பெஞ்சில் அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்த சந்தனமாரியின் காதில் விழுந்தது. அவளிடம் சொன்னதல்ல. சொன்னவர் அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை, வெயில் ஏறுகிறது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு டீயை ஊதினார். அவளும் முட்டையில் உப்பைத் தொட்டுத் தின்றுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். கடலோரத்தில், சுற்றிலும் உப்பளம் சூழ்ந்து தாழ்ந்து கிடக்கும் கீழத்தருவையில் உப்பைத் தவிர எதுவும் விளைவதில்லை. அந்த உப்பை வாரி, குவித்து, சாக்கில் அடைத்து, தைத்து, தூக்கி லாரியில் ஏற்றிவிட்டால் ஊரின் வேலை முடிந்தது; அதை இறக்குவது லாரி போய்ச் சேரும் ஊர்க்காரர்களின் பாடு. தலைமுறை தலைமுறையாக ஏற்றி ஏற்றியே அந்த ஊர் ஆண்களுக்குக் கழுத்து தடித்து, முகம் சற்றே மேல்நோக்கி நிமிர்ந்து, எதிரே வருகிறவரைப் பார்க்கும்போதுகூட அவர் தலைக்கு மேல் ஏதோ லாரித் தட்டு இருப்பதுபோலப் பார்க்கிற பழக்கம் வந்திருந்தது.

சந்தனமாரி டெட்லிஃப்ட் போடுகிறவள். தரையில் கிடக்கும் இரும்புப் பாரை, இரண்டு பக்கமும் பிளேட் மாட்டியபடி, குனிந்து பிடித்துத் தொடை உயரத்துக்கு நிமிர்கிற போட்டி அது. மாவட்டத்தில் முதலாவதாக வந்துவிட்டாள். மாநிலப் போட்டி ஐப்பசி முடிவில் திருச்சியில் இருந்தது. அதில் ஒரு பதக்கம் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எழுதிப்போடலாம் என்றும், வேலை கிடைத்தால் அவளுடைய அம்மா உலகம்மாள் அளத்துக்குப் போகவேண்டியதில்லை என்றும் ஜிம் நடத்துகிற ஜெபராஜ் மாஸ்டர் சொல்லியிருந்தார். உலகம்மாள் பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவள். உப்புத்தண்ணீர் தின்ற அவளுடைய பாதங்களைச் சந்தனமாரி பார்ப்பதில்லை. சின்ன வயதில் ஒருமுறை பார்த்தாள்; அதற்குப் பிறகு அம்மாவோடு பேசும்போதெல்லாம் அவள் முகத்தை மட்டுமே பார்த்துப் பேசப் பழகிக்கொண்டாள்.

“பார் ஒழுங்கான சாமான்ட்டி. பிடிக்கிறதுக்குன்னே செஞ்சு வச்சிருக்கான்” என்று மாஸ்டர்தான் அந்த ஆண்டின் தொடக்கத்தில் சொன்னார். “அத மட்டுமே தூக்குனா உடம்பு சொகங்கண்டிரும். பிடிக்கவே எடம் குடுக்காத பாரத்தையும் பழகு. வெளிநாட்டுல ஸ்ட்ராங்மேன்னு டயரப் பெரட்டுதான், கல்லத் தூக்குதான், லாரிய இழுக்கான். நமக்கு எதுக்குட்டி வெளிநாடு? உப்புக் கொட்டாரத்துக்குப் போ.”

அப்படித்தான் அவள் சாயங்காலம் பாரும் காலையில் மூட்டையுமாகப் பயிற்சியைக் கலந்தாள். உப்பைக் குவித்து மூட்டை போட்டு லாரியில் ஏற்றும் அந்தக் கொட்டாரத்தில் லோடுமேன்களுக்குத் தலைவர் கொம்பையா அண்ணாச்சி, பொம்பளைப்பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று முதல் நாள் கேட்டார், இரண்டாம் நாள் கேட்கவில்லை. மூட்டையைக் கட்டிப்பிடித்து மடியில் ஏற்றி, மடியிலிருந்து நெஞ்சுக்கும் நெஞ்சிலிருந்து தோளுக்கும் கொண்டுபோய், தோளிலிருந்து தட்டில் தள்ளவேண்டும். “தட்டப் பாரு தாயி, காலப் பாக்காத. காலப் பாத்தா பாரம் கூடிரும்” என்று அவர் காலையில் கத்துவார். “கண்ணு மேல, கண்ணு மேல” என்று மாஸ்டர் சாயங்காலம் கத்துவார். இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொன்னதால் அது அவளுக்குள் இரண்டு மடங்கு ஆழமாக இறங்கியது.

பார் கீழே வராமல் போனது அதற்குச் சில மாதம் கழித்து, ஜிம்மின் பின்மைதானத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். அவள் பாரை இழுத்து, முழங்காலைப் பூட்டி, தோளைப் பின்னுக்குத் தள்ளி நிமிர்ந்தபோது வியர்வையில் பிடி நழுவியது; கால் நசுங்காமலிருக்கக் கையை விட்டுவிட்டுப் பின்னால் துள்ளினாள். பார் விழவில்லை. அவள் விட்ட இடத்தில், தொடை உயரத்தில், மாட்டிய பிளேட்டுகளோடு அப்படியே நின்றது.

மாஸ்டர் வந்து பார்த்தார். பாருக்கு அடியில் காலை விட்டுத் துழாவினார். மேலே உட்கார்ந்து பார்த்தார், தாங்கியது. தள்ளிப் பார்த்தார், படகுபோல மெல்ல நகர்ந்தது, இறங்க மட்டும் இல்லை. “கீழ வச்சுப் பழகணும்ட்டி” என்று சொல்லிவிட்டுத் தன் துண்டை அதில் காயப்போட்டார்.

அன்றிலிருந்து அவள் தூக்கியது எதுவும் இறங்கவில்லை. ஸ்குவாட் வைக்கலாம் என்று பாரைத் தோளில் வாங்கி உட்கார்ந்தால், அவள் மட்டும் உட்கார்ந்தாள், பார் நின்ற இடத்திலேயே நின்றது; அவள் அடியில் குந்தியபடி அதை அண்ணாந்து பார்த்தாள். ஜிம்மில் பார்கள் வெவ்வேறு உயரத்தில் மிதக்க, பையன்கள் அவற்றில் தொங்கிப் புல்-அப் எடுத்தார்கள், செருப்பை மாட்டினார்கள். மாஸ்டர் பழைய நடுவர் ஒருவரை அழைத்துவந்து நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அவள் தூக்கினாள். நடுவர் கையை இறக்கி “டவுன்” என்றார். அவள் பாரில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கினாள், கால் இரண்டும் தரையைவிட்டு எழும்பியதுதான் மிச்சம்.

நடுவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். “தூக்குனதுல ஒரு தப்பும் இல்ல மாஸ்டர். சுத்தமான தூக்கு. ஆனா டவுன் சொன்னப்புறம் கையோட கீழ கொண்டுவந்து வைக்கணும். வைக்கலேன்னா அது தூக்குனதாவே ஆகாது. மூணு நடுவரும் செவப்பு விளக்கத்தான் போடுவாங்க.”

ஊருக்கு இந்தச் சட்டம் பொருட்டாக இல்லை. ஊருக்கு வேறு கவலை. வருஷாவருஷம் ஐப்பசி கார்த்திகையில் கீழத்தருவைக்குள் தண்ணீர் ஏறும். கட்டிலும் பீரோவும் ஊறும், ஃப்ரிட்ஜ் செத்துப்போகும். எதிர்வீட்டுக் கனியம்மாள்தான் முதலில் வந்தாள்.

“மாரி, எம் மருமவ கொண்டாந்த ஃப்ரிட்ஜு. போன வருசந்தான் ரிப்பேர் பாத்தோம். ஒரு எட்டு வந்து இடுப்பு ஒசரத்துக்குத் தூக்கி விட்டுட்டுப் போயேன்.”

“அது பெறகு எறங்காதேக்கா.”

“எறங்காட்டிப் போகுது. எறங்கி என்னத்தக் கிழிச்சுது?”

அவள் உப்பு மூட்டையைக் கட்டிப்பிடிப்பதுபோல ஃப்ரிட்ஜைக் கட்டிப்பிடித்துத் தூக்கி விட்டாள். அதன் பின் கிரைண்டர் வந்தது, தையல் மிஷின் வந்தது, மாவு மில்லின் மோட்டார் வந்தது, வேதக்கோயில் என்று ஊர் சொல்லும் சர்ச்சின் ஆர்மோனியப் பெட்டி வந்தது, அம்மன் கோயில் உண்டியல் வந்தது. நாய்க்குப் பயந்த ஒரு வெள்ளாட்டையும் தூக்கிக் கொடுத்தாள். அது அந்தரத்தில் கொஞ்ச நேரம் காலை உதறிவிட்டு, எட்டாத உயரத்து வேப்பங்குழை எட்டுகிறது என்று கண்டதும் அமைதியாகிவிட்டது. கடல்காற்றில் சாமான்கள் தெருவோடு மிதந்து போய்விடாமலிருக்க ஆளாளுக்குக் கயிறுபோட்டு ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். மின்வாரியத்திலிருந்து வந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, வயரை இன்னும் நீளமாக விடச் சொன்னார். கவுன்சிலர், ராத்திரியில் பைக்கில் வருகிறவர்கள் மோதிக்கொள்கிறார்கள் என்று நெற்றி உயரத்தில் நின்ற சாமான்களுக்கெல்லாம் மஞ்சள் பெயின்ட் அடிக்க ஏற்பாடு செய்தார். ஊரார் குனிந்து நிமிர்ந்து நடக்கப் பழகினார்கள். வெளியூரிலிருந்து பெண்பார்க்க வந்தவர்கள், இந்த ஊர் ஆட்கள் என்ன இவ்வளவு மரியாதையாக நடக்கிறார்கள் என்று வியந்து போனார்கள்.

சந்தனமாரி எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள். கூச்சக்காரி, தூக்கிக் கொடுக்கச் சொன்னால் மாட்டேன் என்று சொல்ல வராது. ஆனால் தூக்கும் ஒவ்வொன்றையும் விடும் முன்னால் ஒரு கணம் உள்ளங்கையில் கேட்டுப் பார்ப்பாள், இதாவது இறங்குமா என்று. எதுவும் பதில் சொல்லவில்லை.

ஒருநாள் உலகம்மாள் வேலைவிட்டு வந்து வாசல்படியில் உட்கார்ந்து, வேப்பெண்ணெய் தொட்டுக் குதிகாலில் வைத்துக்கொண்டே, “ஏளா, ஊரான் சாமானெல்லாம் தூக்கி வைக்க. என்னயக் கொஞ்சம் தூக்கி வையேன். தரைல பட்டாலே எரியுதுளா” என்றாள்.

“சும்மா கெடம்மா. பெறகு எப்படி எறங்குவ?”

“ஃப்ரிட்ஜு எறங்கணும்னா அழுதுச்சு?”

விளையாட்டுப்போல அவள் அம்மாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். உப்பு மூட்டையில் பாதிகூட இல்லை. பாதங்கள் முழங்கால் உயரத்துக்கு எழும்பியபின் கையை எடுத்ததும், உலகம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தவள்போலக் காலைத் தொங்கவிட்டு நிலைத்துவிட்டாள். பிறகு, பாரம் சுமந்து வந்தவள் பெருமூச்சு விடுவதுபோல விட்டு, “எம்மாடி” என்றாள்.

அவள் அளத்துக்குப் போவதை நிறுத்தினாள். வீட்டைச் சுற்றிக் கயிறு கட்டி, அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே அடுப்படிக்கும் கொல்லைக்கும் வாசலுக்கும் மிதந்துபோனாள். குட்டையான பெண்பிள்ளை அவள். இப்போது தெருப்பெண்களின் வகிட்டை மேலிருந்து பார்க்கக் கிடைத்தது. “கனி, ஒனக்கு உச்சியில நரச்சிருக்கு, ஒம்மாப்பிள்ள சொல்லலியா?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். பாதத்துப் புண்கள் காற்றில் ஆறின என்று எல்லாரும் சொன்னார்கள். சந்தனமாரி குனிந்து பார்க்கவில்லை.

இதற்கிடையில் கொம்பையா அண்ணாச்சி அவளைக் கொட்டாரத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். “நீ ஏத்துன மூட்ட அங்க எறங்க மாட்டேங்குதாம் தாயி. இழுத்துப் பாத்துட்டு, லாரிய மட்டும் அடியில இருந்து எடுத்துட்டு வந்துட்டானாம் டிரைவரு. மூட்ட அந்தரத்துல நிக்கி. நம்ம உப்ப வாங்குத தோல்ஷாப்புக்காரன் போனப் போட்டு ஏசுதான்.”

அவர் வருத்தத்தோடு சொன்னார். அவளுக்கோ வேறொன்று தோன்றியது. இறக்குகிற ஊர் என்று ஒன்று இருக்கிறது. அங்கே இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எப்படி இறக்குகிறார்கள் என்று இந்த ஊரில் ஒருத்தர்கூடப் பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்ற ஆசை, பசிபோல, அவளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மறுநாள் காலை புறப்பட்ட லாரியில், டிரைவரின் பக்கத்தில் வெட்கத்தோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

லாரி போய்ச் சேர்ந்தது திண்டுக்கல்லுக்கு அப்பால், உப்புப் போட்டுத் தோல் பதனிடும் ஊர். காற்றிலேயே தோலும் உப்பும் கலந்த வாடை. அவள் ஏற்றியனுப்பிய மூட்டைகள் முற்றத்தில் லாரித்தட்டு உயரத்தில் வரிசையாக மிதக்க, அவற்றின் நிழலில் இறக்குகிறவர்கள் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“இதெல்லாம் ஏத்துன புண்ணியவதி நீதானா தாயி? நல்லாயிரு, பந்தல் போட்ட மாதிரி இருக்கு” என்றார் ஒருவர். இன்னொருவர், “எங்க ஊர்ல பொறந்தவன் ஒரு மூட்டைய மேல ஏத்திப் பாத்ததே கெடையாது. ஒங்க ஊரு எப்படி இருக்கும்னு எனக்கும் ஆசதான்” என்று சொல்லிவிட்டு லாரியின் பக்கம் போனார்.

அவள் சுவரோரம் நின்று பார்த்தாள். தோளில் மூட்டையை வாங்கினார்கள், நடந்தார்கள், இறக்கினார்கள். அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. மறுபடி பார்த்தாள். முழங்கால் மடிவதைப் பார்த்தாள், மூச்சு வெளியே போவதைப் பார்த்தாள். அதெல்லாம் அவளுக்கும் தெரிந்ததுதான். வெயில் சாய்கிற நேரத்தில்தான் அவர்களுடைய கண்களைப் பார்த்தாள். இந்த ஊர் ஆட்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூட்டை தோளில் ஏறிய கணமே அவர்கள் கண் தரைக்குப் போனது. எங்கே வைக்கப்போகிறோமோ அந்த இடத்தை, அதிலிருக்கிற ஈரத்தை, கல்லை, எறும்பை, முன்னே போய் ஒருமுறை தொட்டு வந்தது. அதன் பின்னால்தான் மூட்டை போனது.

அவள் தன் மூட்டைகளில் ஒன்றின் அடியில் போய் நின்று கையை உயர்த்தினாள். அந்த நேரம் டிரைவர் ஓடிவந்தார். “ஊர்ல மழ பிச்சு ஊத்துதாம். தண்ணி ஏறிட்டுன்னு அண்ணாச்சி போன் போட்டாரு. வாம்மா, ரோடு இருக்கையிலே போயிருவோம்.”

அவர்கள் வந்து சேர்ந்தபோது விடிந்திருந்தது. தெருவில் இடுப்பளவுக்குத் தண்ணீர். தண்ணீருக்கு மேலே ஃப்ரிட்ஜுகளும் கிரைண்டர்களும் தையல் மிஷின்களும் மஞ்சள் பெயின்டோடு உலர்ந்து, கயிற்றில் லேசாக ஆடிக்கொண்டு நின்றன. ஆடு வேப்பங்குழை தின்றுகொண்டிருந்தது. வீட்டுக்குள், மேடாக இருந்ததால், தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. உலகம்மாள் அதற்கும் மேலே, நடுவீட்டில், காலை மடக்கி உட்கார்ந்து புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

சந்தனமாரி பார்த்துவந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. தண்ணீரை அளைந்துகொண்டு ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

“தாயி, கும்பிட்டுக் கேக்கோம்” என்றார் கொம்பையா அண்ணாச்சி. “இப்ப எதையும் எறக்கிப் பாத்துராத. ஒண்ணு எறங்கி, அது கூடவே எல்லாம் பொத்துன்னு வந்துட்டுன்னா? மார்கழில தண்ணி வடியட்டும். பெறகு ஆசதீர எறக்கு.”

“நாளைக்கு ராத்திரி திருச்சிக்கு ரயிலேறணும் அண்ணாச்சி. பார் எறங்கலேன்னா அங்க போயி பிரயோசனம் இல்ல.”

“போட்டி அடுத்த வருசமும் வரும்லா? எம் மோட்டார் வருமா?” என்றார் மாவு மில்காரர்.

“வருசமெல்லாம் தூக்கிக் குடுத்த பிள்ளைட்ட பேசுத பேச்சா வே இது?” என்று சீறிய கனியம்மாள், கூட்டம் அடங்கியதும் தணிந்த குரலில், “ஆனா மாரி, என் ஃப்ரிட்ஜு…” என்றாள்.

சந்தனமாரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவர்கள் கேட்பதில் தப்பிருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. அவளுக்கே தெரியாது, ஒன்றை இறக்கினால் மற்றது நிற்குமா என்று. சரி என்று சொல்ல வாயெடுத்தாள்.

“ஏளா” என்றாள் உலகம்மாள். புளிச்சட்டியைப் பரணில் வைத்துவிட்டுக் காலைத் தொங்கவிட்டாள். “முதல்ல என்னய எறக்கு.”

“எம்மா, கீழ தண்ணி கெடக்கு. அளத்துத் தண்ணி. ஒனக்குக் காலு…”

“எங்காலப் பத்தி எனக்குத் தெரியும். நான் எறங்கி மத்ததெல்லாம் விழுந்துச்சுன்னா இவுக என்னய ஏசட்டும், ஒன்னய ஏச வேண்டாம். விழலேன்னா நீ கெளம்பு.” பிறகு வாசலைப் பார்த்து, “அவ்வளவு பயமா இருந்தா ஆளுக்கொரு சாமானப் போயிப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க” என்றாள்.

அவர்கள் போய்ப் பிடித்துக்கொண்டார்கள். தெரு முழுக்க, இடுப்பளவு தண்ணீரில், ஆண்களும் பெண்களும் ஃப்ரிட்ஜையும் மிஷினையும் உண்டியலையும் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். மாவு மில்காரர் மோட்டாருக்கு அடியில் தோளையே கொடுத்துவிட்டார்.

சந்தனமாரி அம்மாவின் அக்குளில் கைகொடுத்தாள். பழக்கத்தில் கண் மேலே, உத்தரத்துக்குப் போனது. உலகம்மாள் அசையவில்லை. சந்தனமாரி மூச்சை விட்டாள். கண்ணை உத்தரத்திலிருந்து எடுத்து, சுவரில் இறக்கி, அம்மாவின் முகத்தில் கொஞ்சம் நிறுத்தி, அங்கிருந்து கழுத்துக்கும் மடிக்கும் கொண்டுவந்து, பிறகு பாதங்களைப் பார்த்தாள். குதிகாலில் உழுதுபோட்டதுபோலப் பிளவுகள். ஆறியவை வெள்ளையாகவும் ஆறாதவை சிவப்பாகவும் இருந்தன. சுண்டுவிரல்கள் இரண்டிலும் நகம் இல்லை. இடது பாதத்தின் ஓரத்தில், உப்புக்கல் தைத்துத் தைத்து ஒரு குழி விழுந்திருந்தது. அவள் எல்லாவற்றையும் பார்த்தாள், அவசரப்படாமல் பார்த்தாள். பிறகு, அவற்றுக்குக் கீழே கலங்கலான தண்ணீரையும், தண்ணீருக்குக் கீழே அவை போய்ப் படப்போகிற சிமென்ட் தரையையும், அதில் ஒரு பெயர்ந்த சில்லையும் பார்த்தாள். வலது காலால் அந்தச் சில்லை ஒதுக்கினாள். முழங்காலை மடித்தாள்.

கைகளில் பாரம் வந்தது. அம்மாவுக்கு இவ்வளவு எடை இருந்தது அவளுக்குத் தெரியாது. மெல்ல, விரல் விரலாக, தண்ணீர் சுளிக்காமல், உலகம்மாளின் பாதங்கள் இரண்டும் தரையில் போய் நின்றன.

உலகம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு மகளின் தோளைப் பிடித்தாள். வெளியே ஒருவர் மெதுவாக மோட்டாருக்கு அடியிலிருந்து தோளை எடுக்கிற சத்தமும், “நிக்கி, நிக்கி” என்ற கனியம்மாளின் குரலும், ஆடு கத்துவதும் கேட்டன.

உலகம்மாள் தோளை விட்டாள். தண்ணீருக்குள் ஒரு அடி வைத்தாள், நின்றாள், இன்னொரு அடி வைத்தாள். சுவரோரம் போய், ஆணியில் தொங்கிய தோல் பெல்ட்டை, போட்டியில் பாரம் தூக்கும்போது இடுப்பில் கட்டுகிற அந்த அகலமான பெல்ட்டை, எடுத்துவந்து மகளின் இடுப்பைச் சுற்றிப் போட்டு, ஒரு காலைச் சுவரில் ஊன்றி, முழு பலத்தோடு இழுத்துக் கொக்கியை மாட்டினாள்.